ஒரே காட்டில் புலி, சிறுத்தை, செந்நாய்: மூன்றும் எப்படிச் சேர்ந்து வாழ்கின்றன? நடுவில் மான்கள் என்ன ஆகின்றன?

பெங்களூரிலோ கோவையிலோ வேலை பார்ப்பவரா நீங்கள்? அப்படியென்றால் கபினி, பந்திப்பூர், முதுமலை என்று ஒரு வார இறுதி சஃபாரியாவது போயிருப்பீர்கள். இல்லையென்றால் போய் வந்த நண்பரின் இன்ஸ்டாகிராம் ஸ்டோரியையாவது பார்த்திருப்பீர்கள். திரும்பி வந்தவரிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "புலி பார்த்தியா?"

ஆனால் அந்தக் காட்டில் புலி மட்டும் இல்லை. புலி நடந்த அதே மண்பாதையில் சிறுத்தையும் நடக்கிறது. அதே புல்வெளியில் விடிந்ததும் செந்நாய்க் கூட்டம் ஓடுகிறது. மூன்றுமே வேட்டையாடிப் பிழைப்பவை. மூன்றின் சாப்பாட்டுப் பட்டியலிலும் புள்ளிமானும் கடமானும் இருக்கின்றன. ஒரே தெருவில் மூன்று பிரியாணிக் கடை வந்தால் ஒன்றாவது சீக்கிரம் ஷட்டரை இழுத்து மூடிவிடும் என்று நினைப்போம். காட்டில் மட்டும் மூன்றும் எப்படி ஓடிக்கொண்டிருக்கின்றன?

இந்தக் கேள்விக்கான பதில் விலங்கியல் படிப்பவர்களுக்கு மட்டும் தேவையானது இல்லை. 'ஊருக்குள் புகுந்த சிறுத்தை' என்ற செய்தியைப் புரிந்துகொள்ளவும், புலிகளின் எண்ணிக்கை கூடியது என்ற அறிவிப்பைச் சரியாக வாசிக்கவும் இது உதவும்.

யார் இந்த மூவர்?

முதலில் உடம்பைப் பார்ப்போம். வளர்ந்த ஆண் புலி 200 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். சிறுத்தை அதில் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். பெண் சிறுத்தை என்றால் 30 முதல் 40 கிலோதான். செந்நாய் இன்னும் சின்னது. நம்ம தெரு நாய் அளவு, 15 கிலோ சுற்றி இருக்கும். ஆனால் அது தனியாக வராது. ஐந்து, பத்து என்று கூட்டமாக வரும், சில சமயம் 20-ஐயும் தாண்டும்.

வேட்டையாடும் விதமும் வேறு. புலியும் சிறுத்தையும் பதுங்கிப் பாய்பவை. புதர் மறைவில் நெருங்கி வந்து, கடைசிச் சில மீட்டர்களில் பாய்ந்து, கழுத்தைக் கவ்வி மூச்சை அடக்கும். அந்தச் சில நொடியில் பிடி கிடைக்காவிட்டால் பெரும்பாலும் விட்டுவிடும். செந்நாய்க்கு அந்த அவசரம் இல்லை. கூட்டமாக விரட்டி, இரையைக் களைப்பாக்கி, சுற்றி வளைக்கும். இரை விழுந்த உடனே தின்ன ஆரம்பித்துவிடும். பார்க்கக் கொடூரமாக இருந்தாலும் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. மெதுவாகச் சாப்பிட்டால் பெரிய விலங்கு வந்து பிடுங்கிக்கொள்ளும்.

மூன்றுக்கும் இடையே உறவு சுமுகமானது என்று நினைக்க வேண்டாம். புலி சிறுத்தையைக் கொல்லும், செந்நாயையும் கொல்லும். செந்நாய்க் கூட்டம் சிறுத்தையை மரத்தில் ஏற்றிவிடும். சிறுத்தைக்குத் தனியாகச் சிக்கும் செந்நாய் ஓர் இரை. இந்தப் பகைக்கு நடுவில்தான் மூன்றும் ஒரே காட்டில் குடும்பம் நடத்துகின்றன.

விடை கிடைத்த இடம்: நாகரஹொளே

கபினி சஃபாரி என்று நாம் போவது பெரும்பாலும் கர்நாடகத்தின் நாகரஹொளே புலிகள் காப்பகத்துக்குள்தான். 1980-களின் இரண்டாம் பாதியில் இந்தக் காட்டில் உல்லாஸ் காரந்த், அமெரிக்க விஞ்ஞானி மெல் சன்குவிஸ்டுடன் சேர்ந்து இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். முதலில் இரையை எண்ணினார்கள். காட்டுக்குள் நேர்கோடாகப் பாதைகள் வகுத்து, அதில் திரும்பத் திரும்ப நடந்து, கண்ணில் பட்ட ஒவ்வொரு மான் கூட்டத்தின் அளவையும் தூரத்தையும் குறித்துக் கணக்கிட்டார்கள். ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 50 புள்ளிமான், 9 அல்லது 10 காட்டுமாடு, 5 கடமான், கூடவே காட்டுப்பன்றி, கேளையாடு, மந்தி என்று கிடைத்தது. ஆசியக் காடுகளில் இது மிகச் செழிப்பான கணக்கு.

அடுத்த வேலை, யார் எதைத் தின்கிறார்கள் என்று பார்ப்பது. இதற்கு வேட்டையை நேரில் பார்க்கத் தேவையில்லை. காட்டுப்பாதையில் கிடக்கும் எச்சம் போதும். இறைச்சி செரித்துவிடும், ரோமம் செரிக்காது. எச்சத்தை அலசி, அதிலிருக்கும் ரோமத்தை நுண்ணோக்கியில் வைத்தால் அது கடமானா, புள்ளிமானா, பன்றியா என்று தெரிந்துவிடும். தின்று மீந்த உடல்களையும் தேடி ஆராய்ந்தார்கள்.

1995-இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது. புலி கொன்ற முக்கிய இரைகளின் சராசரி எடை 91.5 கிலோ. செந்நாய்க்கு அது 43.4 கிலோ, சிறுத்தைக்கு 37.6 கிலோ. புலி 176 கிலோவுக்கு மேற்பட்ட பெரிய உருப்படிகளைத் தேடிப் போனது. சிறுத்தையும் செந்நாயும் 30 முதல் 175 கிலோ வரையிலான நடுத்தர இரையில் நின்றன.

அதாவது, மூன்றும் ஒரே கடையில் சாப்பிட்டாலும் ஆர்டர் ஒன்றில்லை. கிட்டத்தட்ட ஒரு டன் வரை வளரும் காட்டுமாட்டைச் சாய்க்கும் பலம் அந்தக் காட்டில் புலிக்கு மட்டும்தான் உண்டு. காட்டுமாடும் பெரிய கடமானும் நிறைய இருக்கும்போது, 50 கிலோ புள்ளிமானுக்காகப் புலி அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்த இடம் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் கிடைக்கிறது. கூட்டமாக முரண்டு பிடிக்கும் காட்டுப்பன்றியைச் சிறுத்தை அதிகம் சீண்டவில்லை. அடர்ந்த புதரில் தனியாக வாழும் கேளையாடு செந்நாய்க்கு அதிகம் சிக்கவில்லை. மரத்தில் இருக்கும் மந்தி மூன்றுக்குமே எண்ணிக்கை அளவுக்குக் கிடைக்கவில்லை.

நேரமும் இடமும் பங்கு போடப்படுகிறதா?

இரையின் அளவு ஒரு வழி. இன்னொரு வழி, ஷிஃப்ட்.

செந்நாய் பகலில் வேட்டையாடுவது. இதை முதலில் விரிவாகப் பதிவு செய்தவர்களில் ஒருவர் நம்ம ஊர்க்காரர். நாங்குநேரியில் பிறந்து, சிவகாசியில் கல்லூரி ஆசிரியராக இருந்த ஏ.ஜே.டி. ஜான்சிங், 1976 முதல் 1978 வரை பந்திப்பூரில் செந்நாய்களைப் பின்தொடர்ந்து ஆய்வு செய்தார். அதிகாலையும் மாலையும் கூட்டம் கிளம்பும், பெரும்பாலும் புள்ளிமானைக் குறிவைக்கும் என்பது அவர் காட்டிய சித்திரம். காட்டில் திரியும் பாலூட்டி ஒன்றை அறிவியல் முறையில் ஆராய்ந்த முதல் இந்தியர் என்று அவரைக் குறிப்பிடுவார்கள். 2024-இல் காலமானார்.

புலியும் சிறுத்தையும் பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். அப்போ அவை இரண்டும் மோதிக்கொள்ளாதா? இதைப் பார்க்க காரந்தும் அவருடைய குழுவினரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் நான்கு காப்பகங்களில் தானியங்கி கேமராக்கள் பதிவு செய்த படங்களை ஆராய்ந்தார்கள். நாகரஹொளே, பந்திப்பூர், பத்ரா, பிலிகிரி ரங்கசாமி கோயில் காடு. 2017-இல் வெளியான அந்த ஆய்வு சொன்ன விஷயம் முக்கியமானது: பங்கு போடும் முறை எல்லாக் காட்டிலும் ஒன்றாக இல்லை.

இரை தாராளமாக இருந்த காடுகளில் செந்நாயின் நேரம் பெரும் பூனைகளின் நேரத்துடன் அதிகம் உரசவில்லை. இரை குறைவாக இருந்த பத்ராவில் நேரங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. பசித்தவனுக்கு ஷிஃப்ட் பார்க்க முடியாது, இல்லையா? ஆனாலும் அங்கே செந்நாய்கள் பெரும் பூனைகளைத் தவிர்த்தன. மூன்று வேட்டை விலங்குகளும் இரையும் நெருக்கியடித்து வாழும் நாகரஹொளேயில், புலி இருக்கும் இடத்தைச் சிறுத்தை ஒதுங்கிப் போனது.

இதெல்லாம் கூடி உட்கார்ந்து போட்ட ஒப்பந்தம் இல்லை. ஒவ்வொரு விலங்கும் அன்றன்று எடுக்கும் முடிவு. அந்த முடிவை எடுக்க அதற்கு எவ்வளவு வசதி இருக்கிறது என்பதைத் தீர்மானிப்பது இரைதான்.

மான்கள் கதி என்ன?

மூன்று பேர் சேர்ந்து தின்றால் மான் மிஞ்சுமா என்ற சந்தேகம் பழையது. பிரிட்டிஷ் காலத்தில் செந்நாயைக் கொன்றால் வெகுமதி கொடுத்தார்கள். அது மான்களையெல்லாம் அழித்துவிடும் தொல்லைப் பிராணி என்பது அன்றைய நம்பிக்கை. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை அந்த எண்ணம் நீடித்தது.

ஆய்வுகள் காட்டுவது வேறு. இந்தியாவின் 11 இடங்களில் புலியையும் இரையையும் சேர்த்துக் கணக்கிட்ட 2004-ஆம் ஆண்டு ஆய்வு, புலிகள் ஆண்டுக்குத் தங்கள் இரை விலங்குகளில் சுமார் 10 சதவீதத்தை எடுக்கின்றன என்ற அடிப்படை பொருந்திப் போவதைக் காட்டியது. ஒரு புலிக்கு ஆண்டுக்குச் சுமார் 50 இரை தேவை, அதாவது வாரத்துக்கு ஒன்று. அப்படியென்றால் ஒரு புலி வாழ, காட்டில் நிரந்தரமாகச் சுமார் 500 இரை விலங்குகள் இருக்க வேண்டும். வங்கியில் முதலைத் தொடாமல் வட்டியில் வாழ்வது மாதிரி. முதல் குறைந்தால் வட்டியும் குறையும், அந்த வட்டியை நம்பி இருப்பவர்களும் குறைவார்கள்.

கவனியுங்கள், இந்த 500 புலிக்கு மட்டுமான கணக்கு. சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் உரிய பங்கு தனி. ஆனாலும் மூன்றும் முழுப் பலத்தோடு இருந்த நாகரஹொளேயில்தான் அவ்வளவு மான்கள் இருந்தன என்பதை மறக்கக் கூடாது. புள்ளிமான் வேகமாகப் பெருகும். கொல்லப்படுபவற்றில் ஒரு பகுதி, எப்படியும் பசியாலோ நோயாலோ சாகக்கூடியது.

எல்லா மானும் ஒரே அளவு ஆபத்தில் இல்லை. நாகரஹொளேயில் புள்ளிமான், கடமான், காட்டுப்பன்றி ஆகியவற்றில் வளர்ந்த ஆண்கள் அவற்றின் எண்ணிக்கைக்கு மீறி இரையாயின. கூட்டத்தை விட்டுத் தனியாகத் திரிவதும், சண்டையில் காயப்படுவதும், ஜோடி தேடும் காலத்தில் கவனம் சிதறுவதும் அவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

உயிரோடு இருக்கும் மானின் அன்றாட வாழ்க்கையையும் வேட்டை விலங்குகள் மாற்றுகின்றன. அடுத்த முறை சஃபாரியில் இதைப் பாருங்கள். புள்ளிமான்கள் வெட்டவெளியில் பெரிய கூட்டமாக மேயும். நூறு கண் இருந்தால் ஒன்றாவது ஆபத்தைப் பார்க்கும். பதுங்கி வரும் புலிக்கு வெட்டவெளி எதிரி. கடமான் நேர்மாறு. தனியாகவோ இரண்டு மூன்றாகவோ புதரோரம் நிற்கும், மூக்கையும் காதையும் நம்பும். ஆபத்து என்றால் முன்காலால் தரையை ஓங்கித் தட்டி, உரத்துக் கத்தும். மந்தி மரத்தின் மேலிருந்து குரல் கொடுத்தால் கீழே இருக்கும் புள்ளிமான் தலை நிமிரும். உங்கள் ஜீப் ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டுவது இந்தக் குரல்களுக்காகத்தான்.

இதில் மானுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. பதுங்குபவனுக்குப் பயந்து வெட்டவெளிக்குப் போனால் விரட்டுபவன் வருவான். பகலில் செந்நாய், இரவில் பூனைகள். எந்த நேரமும், எந்த இடமும் முழுப் பாதுகாப்பு இல்லை. அதனால் ஒரே புல்வெளியில் நிலையாக நின்று மேய்ந்து தீர்த்துவிட முடிவதில்லை.

பெரிய இரை காணாமல் போனால்?

இங்கேதான் கதை நம் பக்கம் திரும்புகிறது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். பெரிய கடமான் ஒன்று 200 கிலோ, புள்ளிமான் சராசரியாக 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். காட்டில் கடமான் தீர்ந்துபோனால், அந்த இடத்தை நிரப்பப் புலி நான்கு புள்ளிமானைப் பிடிக்க வேண்டும். நான்கு மடங்கு அலைச்சல். அதோடு, இதுவரை சிறுத்தையும் செந்நாயும் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டில் புலி கை வைக்கிறது. மூவரின் ஆர்டரும் ஒன்றாகிவிடுகிறது. போட்டியில் மூவரில் பலசாலி முதலில் எடுத்துக்கொள்வான்.

தமிழ்நாட்டின் முதுமலையில் நடந்த எச்ச ஆய்வுகளிலும் மூன்றின் உணவிலும் கடமானும் புள்ளிமானும்தான் பெரும்பங்கு வகித்தன. முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே, வயநாடு நான்கும் ஒன்றோடொன்று ஒட்டிய காடு. ஓரிடத்தில் இரை குறைந்தால் மற்ற இடத்திலும் அது தெரியும்.

இந்தப் போட்டி நிஜத்தில் எப்படி இருக்கும் என்பதற்குத் தெளிவான சாட்சி உத்தராகண்டின் ராஜாஜி காடு. அங்கே கங்கையின் கிழக்குக் கரையில் உள்ள சில்லா பகுதியிலிருந்து வன குஜ்ஜர் சமூகத்தினரும் அவர்களின் எருமைகளும் வெளியே குடியமர்த்தப்பட்ட பிறகு, புலிகள் மீண்டு வந்தன. 2004-05-க்கும் 2007-08-க்கும் இடையில் 100 சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 3.3 ஆக இருந்த புலிகள் 5.8 ஆயின. அதே காலத்தில் சிறுத்தைகள் 9.8-இலிருந்து 2.1 ஆகச் சரிந்தன.

சிறுத்தைகளின் தட்டும் மாறியது. அவற்றின் உணவில் வீட்டு விலங்குகளின் பங்கு சுமார் 7 சதவீதத்திலிருந்து 32 சதவீதமாக ஏறியது. சிறு பிராணிகளின் பங்கு 9-இலிருந்து 36 சதவீதமானது. காட்டின் நடுவில் இருந்த நல்ல இடங்கள் புலிக்குப் போக, சிறுத்தை ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. ஓரத்தில் இருப்பது ஊர், ஆடு, மாடு, நாய்.

அப்போ புலி கூடினால் சிறுத்தை ஊருக்குள் வரும் என்று எடுத்துக்கொள்ளலாமா? அவ்வளவு ஈஸியா சொல்ல முடியாது. நாகரஹொளேயில் புலிகள் அடர்த்தியாக இருந்தும் சிறுத்தையும் செந்நாயும் சேர்ந்து வாழ்கின்றன. பல அளவில் இரை, பதுங்கப் புதர், ஏறித் தப்ப மரம் என எல்லாம் அங்கே இருக்கிறது. 1976-லேயே நேபாளத்தின் சித்வன் காட்டில் புலியும் சிறுத்தையும் சேர்ந்து வாழ்வதை ஆராய்ந்த ஜான் சைடன்ஸ்டிக்கர், சிறுத்தை சிறிய இரையையும் வேறு நேரத்தையும் தேர்ந்தெடுத்துச் சமாளிப்பதாகச் சொன்னார். தேர்ந்தெடுக்க ஏதாவது இருக்கும் வரைதான் இந்தச் சமாளிப்பு.

இன்னொரு பக்கமும் உண்டு. மகாராஷ்டிரத்தின் அகோலே பகுதியில் புலியும் இல்லை, சொல்லும்படி காட்டு மான்களும் இல்லை. கரும்புத் தோட்டங்களும் வீடுகளும் நிறைந்த அந்த ஊர்ப்புறத்தில் 100 சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 5 வளர்ந்த சிறுத்தைகள் வாழ்வதை வித்யா ஆத்ரேயா குழுவினர் 2013-இல் வெளியிட்டார்கள். அவற்றின் உணவில் 87 சதவீதம் வளர்ப்புப் பிராணிகள், அதிலும் நாய்கள் பெரும்பங்கு. ஆகவே ஊருக்குள் தெரியும் ஒவ்வொரு சிறுத்தையும் காட்டிலிருந்து துரத்தப்பட்டது இல்லை. சில அங்கேயே பிறந்து வளர்ந்தவை. 'சிறுத்தை புகுந்தது' என்ற தலைப்பைப் பார்த்தால் முதலில் இதைக் கேளுங்கள்: அது எங்கிருந்து வந்தது, அங்கே அதற்கு என்ன சாப்பாடு இருந்தது?

இந்தியாவுக்கு வெளியே ஓர் எச்சரிக்கை

இரை போனால் வேட்டை விலங்குகளும் போகும் என்பதற்கு, கம்போடியாவின் கிழக்குச் சமவெளிக் காடுகளைப் பார்க்கலாம். அங்கே புலி கடைசியாகக் கேமராவில் பதிவானது 2007-இல். புலி போன பிறகு சிறுத்தைகள் பன்டெங் எனப்படும் காட்டு மாட்டைத் தங்கள் முக்கிய இரையாக்கிக்கொண்டன. தன்னைவிடப் பல மடங்கு பெரிய விலங்கை ஒரு சிறுத்தை இப்படி நம்பி வாழ்வது அபூர்வம். மேலே இருந்தவர் காலி செய்த நாற்காலியில் அடுத்தவர் ஏறி உட்கார்ந்த கதை.

ஆனால் அது நிலைக்கவில்லை. காடு முழுக்க விரிக்கப்பட்ட சுருக்குக் கண்ணிகள் மானையும் சிறுத்தையையும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஐந்தே ஆண்டுகளில் அங்கே சிறுத்தைகளின் அடர்த்தி 72 சதவீதம் சரிந்ததாக 2018-இல் வெளியான ஆய்வு சொன்னது.

இந்தியாவில் இரை ஏன் குறைகிறது?

நம் காடுகளிலும் சுருக்குக் கண்ணி இருக்கிறது. பன்றிக்கோ மானுக்கோ வைக்கும் ஒரு பிரேக் வயரில் புலியும் சிக்கும். இறைச்சிக்கான சில்லறை வேட்டை புலித்தோல் கடத்தல் அளவுக்குச் செய்தியாவதில்லை, ஆனால் அது முதலையே அரிக்கிறது. கால்நடைகள் அதே புல்லுக்குப் போட்டியிடுகின்றன. கூட்டமாகத் திரியும் நாய்கள் மானை விரட்டுவதோடு, செந்நாய்க்கு நோயையும் கொண்டு வருகின்றன. முதுமலைச் சாலையோரம் நீங்கள் பார்த்திருக்கும் உண்ணிச்செடி, இந்தியாவின் புலி வாழிடத்தில் 40 சதவீதத்துக்கும் மேல் பரவியிருக்கிறது. அது மூடிய இடத்தில் புல் வளராது, புல் இல்லாத இடத்தில் மான் பெருகாது.

இந்திய வனவிலங்கு நிறுவனமும் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையமும் சேர்ந்து செய்த மதிப்பீடும், ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் மாநிலக் காடுகளில் மான் இனங்கள் கவலைக்குரிய அளவில் குறைந்திருப்பதைச் சுட்டிக்காட்டியது. வெளியில் பார்க்கப் பச்சைப் பசேல் என்று இருக்கும். உள்ளே தட்டு காலி.

மீட்பதும் முடியும் என்பதற்கு நாகரஹொளேயே சான்று. 1960-களின் இறுதியில் அங்கே பணிக்கு வந்த வன அலுவலர் கே.எம். சின்னப்பா போன்றவர்கள் வேட்டையைக் கடுமையாகத் தடுத்தார்கள். முதலில் மான்கள் பெருகின, பின்னால்தான் புலிகள் பெருகின. அதே நேரம், இந்த வெற்றிக்கான விலையில் ஒரு பகுதியை யார் கொடுத்தார்கள் என்பதையும் பேசியாக வேண்டும். நாகரஹொளேயின் ஜேனு குருபர்கள், ராஜாஜியின் வன குஜ்ஜர்கள் போன்றவர்கள் தலைமுறைகளாக வாழ்ந்த காட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்களின் உரிமையை அங்கீகரித்து, மறுகுடியமர்வுக்கு அவர்களின் சம்மதம் வேண்டும் என்கிறது. காகிதத்தில் இருக்கும் இந்தச் சம்மதம் களத்தில் எப்படி வாங்கப்படுகிறது என்பதுதான் இன்றும் தொடரும் சண்டை.

எண்ணிக்கைச் செய்தியை எப்படி வாசிப்பது?

2022 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் புலிகள் சராசரி மதிப்பீடாக 3,682, சிறுத்தைகள் 13,874. தமிழ்நாட்டில் புலி 306, சிறுத்தை 1,070. செந்நாய்க்கு இப்படி ஒரு தேசிய எண் இல்லை. காரணம் எளிது: புலிக்கு வரி, சிறுத்தைக்குப் புள்ளி, இரண்டும் நம் கைரேகை மாதிரி ஆளுக்கு ஆள் மாறும். கேமராப் படத்தை வைத்தே ஒவ்வொன்றையும் தனியாக அடையாளம் காணலாம். செந்நாய்கள் எல்லாம் ஒரே செம்பழுப்பு. அதனால் வயநாட்டில் எச்சத்திலிருந்து டிஎன்ஏ எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். உலகம் முழுக்க இனப்பெருக்க வயதில் 949 முதல் 2,215 செந்நாய்கள்தான் எஞ்சியிருக்கலாம் என்பது சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் 2015 மதிப்பீடு. எண்ணிக்கையில் புலியைவிடக் குறைவாக இருக்கக்கூடிய இந்த விலங்குக்காக ஒரு ஸ்டோரி போடுபவர்கள் குறைவு.

ஆகவே அடுத்த முறை 'புலிகளின் எண்ணிக்கை உயர்வு' என்ற செய்தியைப் பகிரும் முன் மூன்று விஷயங்களைத் தேடிப் பாருங்கள்.

ஒன்று, அந்தக் காட்டில் கடமானும் காட்டுமாடும் எத்தனை? பெரிய இரை இல்லாமல் புலி மட்டும் கூடினால் போட்டி இறுகுகிறது என்று பொருள்.

இரண்டு, அதே காலத்தில் சிறுத்தையும் செந்நாயும் என்ன ஆயின? மூன்றும் நிலையாக இருந்தால் தட்டு நிறைந்திருக்கிறது.

மூன்று, காட்டை ஒட்டிய ஊர்களில் ஆடு மாடு இழப்பு கூடியதா, இழந்தவர்களுக்கு இழப்பீடு உரிய நேரத்தில் கிடைத்ததா? காட்டுக்குள் தட்டு காலியானால் அதன் பில் கடைசியில் வருவது அவர்களிடம்தான்.

உங்களால் செய்யக்கூடிய சின்ன விஷயங்களும் உண்டு. பந்திப்பூர் சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை பொதுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. ஊட்டிக்குப் போகும் அவசரத்தில் அதைத் தொந்தரவாகப் பார்க்கலாம். ஆனால் அந்த நேரம் காட்டில் இரவு ஷிஃப்ட் நடக்கிறது. பகலில் போகும்போதும் வேகத்தைக் குறையுங்கள், வண்டியை நிறுத்தி மானுக்குச் சிப்ஸ் போடாதீர்கள். சஃபாரியில் புலி தெரியவில்லையே என்று சலித்துக்கொள்ளும்போது, எதிரே புதரோரம் நின்று உங்களையே பார்க்கும் அந்தக் கடமானைக் கொஞ்சம் நேரம் பாருங்கள். மூன்று வேட்டைக்காரர்களையும் ஒரே காட்டில் தாங்கி நிற்பது அதுதான்.